ஒட்டுக் கை

பெனிட்டா அந்த நாற்காலியில் உட்கார்ந்ததும் கன்ட்ரோல் ரூமில் பேச்சு நின்றது. ஒலி மேசையில் இருந்த கமலநாதன் ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அவளையே பார்த்தார். கிராபிக்ஸ் போடும் பெண் தன் திரைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். வா என்று ஒருவரும் சொல்லவில்லை.

எதிர்ச் சுவர் நிறையத் திரைகள். ஒவ்வொரு திரையிலும் ஒரு கேமரா. அவள் கைக்கடியில் ஸ்விட்ச்சர் போர்டு. எந்தக் கேமராவின் படம் வீடுகளுக்குப் போக வேண்டும், எந்த நொடியில் மாற வேண்டும் என்பதெல்லாம் அந்தப் பொத்தான்களில்தான் இருந்தது. கல்லூரியில் இந்த மாதிரி ஒரு போர்டைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வைத்துக் காட்டினார்கள். தொட விடவில்லை. இப்போது அவள் விரல்கள் தாமாகவே போய் அதன்மேல் உட்கார்ந்தன, பல வருஷம் குடியிருந்த வீட்டில் இருட்டிலும் சுவிட்சைத் தேடாமல் போடுகிற கை மாதிரி.

“ஏம்மா, எந்த ஊரு?” என்றார் கமலநாதன்.

“விருதுநகர் சார்.”

“முன்னாடி எங்க வேலை பாத்த?”

“எங்கயும் இல்ல சார். இதுதான் முதல்.”

“முதல் நாளே கட்டை விரலைக் கீழ ஊணிக்கினு, சுண்டு விரலைத் தூக்கி வச்சிருக்க. அப்படி ஒக்கார்றவரு இங்க ஒருத்தருதான் இருந்தாரு.” அவர் குரலை உயர்த்தவில்லை. “அது தயாளன் அண்ணன் கை. போன மாசம் வரைக்கும் இந்தச் சீட்டு அவரோடது. படுக்க வச்சு உருவிட்டு வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. உருவினத உன் தலையில ஏத்தியிருக்காங்க. தெரியுமா?”

“சீனியர் ஒருத்தரோடதுன்னு மட்டும்தான் சொன்னாங்க சார்.”

“சீனியர் ஒருத்தரு” என்று அவர் கிராபிக்ஸ் பெண்ணிடம் சொன்னார். “கேட்டுக்கோ. பேருகூட இல்ல.”

பெனிட்டாவுக்கு வேறு வழி இருக்கவில்லை. வேலை வேண்டுமானால் அனுபவம் இருக்க வேண்டும் என்றார்கள். அனுபவம் வேண்டுமானால் எங்காவது வேலை பார்த்திருக்க வேண்டும். படிப்பு முடிந்து இந்த வட்டத்தைச் சுற்றிச் சுற்றி ஓய்ந்தபோதுதான் அந்தச் சேனலின் பயிற்சித் திட்டம் கண்ணில் பட்டது. கணினியே கேமராக்களை மாற்றிப் பார்த்த காலம் ஒன்று இருந்தது. தவறு எதுவும் இல்லை, ஆனால் ஜனங்கள் பார்க்கவில்லை. ஒரு மனிதக் கையின் அவசரமும் நிதானமும் இருந்தால்தான் கண் திரையில் நிற்கிறது என்று கண்டுபிடித்தார்கள். அதற்குள் அனுபவப்பட்ட கைகளுக்கு வயதாகிவிட்டது. சேனலின் கருவிகளில் பழகிய அனுபவம் சேனலுக்கே சொந்தம் என்று சட்டம் வந்தது. ஒருவர் மூளையிலிருந்து எடுத்து இன்னொருவர் மூளையில் வைக்கவும் வழி வந்தது.

வைத்தவள் ரேணு. வெள்ளைக் கோட்டுப் போட்ட, அதிராமல் பேசும் பெண்.

“மாமரத்துல ஒட்டுப் போடுவாங்க இல்ல, அது மாதிரிதான்” என்று வைத்த அன்றைக்கு அவள் சொல்லியிருந்தாள். “ஆறு மாசம் பாப்பாங்க. புடிச்சிருந்தா வேலை நிரந்தரம், ஒட்டும் உனக்கே. புடிக்கலன்னா திரும்ப எடுத்துடுவோம்.”

“நான் இங்க வந்து கத்துக்கறது மேடம்?”

“அதுவும் சேந்து வந்துடும். பிரிக்க முடியாது. ரெண்டு சாயத்தை ஒரே தண்ணியில கலக்குன மாதிரி.”

அதனால் கன்ட்ரோல் ரூமில் அவளுக்கு ‘ஒட்டு’ என்று பெயராயிற்று. “ஒட்டு, சோறு வந்துச்சாம்.” “ஒட்டு, கதவைச் சாத்து.” அவள் பெயரை யாரும் கேட்கவும் இல்லை.

இயக்குநர் சுதர்சன் அவளுக்குப் பக்கத்து நாற்காலி. வெறுப்பில் அவர் மற்றவர்களுக்குக் குறைந்தவர் இல்லை, ஆனால் காரணம் வேறு. “தயாளன் கை இருக்கு, தலை இல்ல” என்பார். “எதுக்கும்மா அங்க ஒரு நொடி யோசிச்ச? யோசிக்கறதுக்கா உன்னை வச்சிருக்கேன்?” அவர் குரல் காதில் விழுந்தாலே பெனிட்டாவின் வலது தோள் இறுகும். அது தன்னுடைய இறுக்கம் அல்ல என்று அவளுக்குத் தெரிந்தது. பார்த்தே இராத ஒரு மனிதர் வருஷக்கணக்காக இந்த ஆளை வெறுத்து வெறுத்து அந்த வெறுப்பைத் தோளில் சேர்த்து வைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள். அந்த அறையில் அவளுக்கு இருந்த ஒரே துணை அந்த வெறுப்புதான்.

வேலை மட்டும் இனித்தது. பேசுகிறவர் வாயைத் திறக்குமுன் அவர் முகத்துக்குப் போவது, கேட்கிறவர் இமை தாழும் கணத்தைப் பிடிப்பது, சிரிப்பு முடிந்து முகம் காலியாவதற்குள் விலகிவிடுவது. கை முதலில் செய்யும். ஏன் செய்தது என்று அவளுக்குப் பிறகுதான் புரியும். புரிந்ததை மறுநாள் தானாகச் செய்து பார்ப்பாள். நாலைந்து மாதத்தில் எது கையினுடையது, எது தன்னுடையது என்று அவளாலேயே சொல்ல முடியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அந்தோணியம்மாள் ஸ்டுடியோவுக்கு வந்தாள்.

காணாமல் போனவர்களைத் தேடித் தருகிற நேரடி நிகழ்ச்சி அது. பாம்பனிலிருந்து கடலுக்குப் போன படகு ஒன்று திரும்பவில்லை. அதில் போனவர்களில் ஒருவனுடைய தாய் அவள். மஞ்சள் சோபாவில் நுனியில் உட்கார்ந்து, தொகுப்பாளினி அனுஷ்கா கேட்பதற்கெல்லாம் “வந்துருவான்மா, நீச்சல் தெரியும்” என்ற ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நிகழ்ச்சி பாதியில் இருக்கும்போது சுதர்சனின் கைபேசிக்குச் செய்தி வந்தது. அவர் படித்துவிட்டு, மைக்கை அழுத்தி அனுஷ்காவின் காதுக்குள் பேசினார். “பாடி கெடச்சிருச்சு. பேர் உறுதியாயிடுச்சு. நீதான் சொல்லணும். மெதுவா சொல்லு, கையைப் புடிச்சுக்க.” பிறகு, “மூணாவது கேமரா, இன்னும் உள்ள போ. நெத்தியும் வாயும் போதும். ஒட்டு, அனு சொல்லி முடிச்சதும் த்ரீ. வேற எதுவும் எனக்கு வேணாம்.”

கமலநாதன் திரும்பினார். “அந்தம்மாவுக்குத் தெரியுமா சார்?”

“தெரிஞ்சா அப்புறம் என்ன லைவ்?”

அப்போது வீடுகளுக்குப் போய்க்கொண்டிருந்தது ஒன்றாம் கேமரா. சோபா, இரண்டு பெண்கள், பின்னால் கடலின் படம், எல்லாம் அடங்கிய தூரக் காட்சி. அனுஷ்கா அந்தோணியம்மாளின் கையைப் பிடித்தாள். சொன்னாள். மூன்றாம் கேமராவின் திரையில் அந்தத் தாயின் கீழுதடு மட்டும் மெல்ல அசைந்தது, தெரியாத மொழியில் ஒரு சொல்லைச் சொல்லிப் பார்ப்பது போல.

“த்ரீ” என்றார் சுதர்சன்.

பெனிட்டாவின் விரல் மூன்றின் மேல்தான் இருந்தது. இறங்கவில்லை.

“த்ரீ. ஏய், த்ரீ.”

தூரக் காட்சியில் அந்தோணியம்மாள் எழுந்தாள். எங்கே போவதென்று தெரியாமல் சோபாவைச் சுற்றிப் பின்பக்கம் போய், அப்படியே குனிந்து மறைந்தாள். சுதர்சன் பாய்ந்து மூன்றை அழுத்தினார். நாட்டில் அத்தனை வீடுகளிலும் மஞ்சள் சோபாவின் காலிச் சாய்வு தெரிந்தது. அழுகைச் சத்தம் எங்கிருந்தோ கேட்டது.

ரேணுவின் அறையில் விசாரணை நடந்தது. சுதர்சன் சுவரோரம் கைகட்டி நின்றார்.

“ஒண்ணே ஒண்ணுதான் எனக்குத் தெரியணும்” என்றாள் ரேணு. “நீ அழுத்தலையா, கை போகலையா?”

“நான் அழுத்தத்தான் பாத்தேன் மேடம். கை போகல.” அதைச் சொல்லும்போது அவள் நம்பித்தான் சொன்னாள். “அது அவரோடது. அவருதான் நிறுத்துனாரு.”

ரேணு சுதர்சனைப் பார்த்தாள். சுதர்சன் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“அப்போ எடுக்கும்போது ஏதோ அரைகுறையா வந்திருக்கு” என்றாள் ரேணு. “அவரைத் திரும்பக் கூப்பிட்டு மிச்சத்தை எடுத்து, சரி பண்ணி உனக்கு ஏத்திடலாம். நீ சீட்டுக்குப் போ.”

கன்ட்ரோல் ரூமில் அன்று வேறு காற்று அடித்தது. “அண்ணன் உள்ள இருந்துக்கினே அடிச்சிட்டாரு பாத்தியா” என்று கமலநாதன் கிராபிக்ஸ் பெண்ணிடம் சொல்லிச் சொல்லிப் பூரித்தார். அந்தப் பூரிப்பில் பெனிட்டாவுக்கு இடமில்லை. சாயங்காலம் விஷயம் கசிந்ததும் அவர் முகம் மாறியது.

“அண்ணன ரெண்டாவது வாட்டி கூப்புடுறாங்களாமே. நீ சொன்னதாலயா?”

“நடந்ததைச் சொன்னேன் சார்.”

“ரெண்டாவது வாட்டின்னா என்னன்னு தெரியுமா? மொத வாட்டி வேலையை எடுப்பாங்க. ரெண்டாவது வாட்டி சுரண்டுறது. வேற சேனல்ல ஒரு கேமராமேன் இருந்தாரு. சுரண்டிட்டு விட்டப்புறம் சொந்தப் புள்ளை போட்டோவைக் காட்டினா யாருன்னு கேக்குறாரு. நேர்ல பாத்தா தெரியுது, போட்டோவுல தெரியல.” ஹெட்போனை மாட்டிக்கொண்டார். “நீ ஒருத்தி வாழ்றதுக்கு இன்னும் எத்தினி பேரு தலைய திம்ப.”

தயாளனின் விலாசத்தை அவரே எழுதிக் கொடுத்தார். உதவி செய்வதற்காக அல்ல, போய் அந்த முகத்தைப் பார்க்கட்டும் என்பதற்காக.

பெரம்பூரில் ஒரு குறுகிய மாடி வீடு. ஞாயிற்றுக்கிழமை முற்பகல். கதவைத் திறந்த மல்லிகா, சேனல் என்றதும் வழி விடாமல் நின்றாள். உள்ளேயிருந்து, “யாரு? ஒட்டா? வரச் சொல்லு” என்று குரல் வந்தது.

தயாளன் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். ஏதோ தொடர் ஓடிக்கொண்டிருந்தது. அவர் அவளைப் பார்க்காமல் மனைவியிடம் கேட்டார்.

“இவன் பேசிக்கினு இருந்தானே. இப்ப இவ வந்துட்டா. அவன் எங்க போனான்?”

“ரெண்டு பேரும் ஒரே ரூம்லதாங்க இருக்காங்க. மாத்தி மாத்திக் காட்டுறாங்க.”

“அதான் ஏன்?”

மல்லிகா பெனிட்டாவிடம், “தெனம் இதான்” என்றாள். “பாக்காதீங்கன்னாலும் கேக்கறது இல்ல. ஒவ்வொரு வாட்டி படம் மாறும்போதும் எடம் மாறிப்போச்சுன்னு தேடுறாரு. இவர் மாத்துன படத்தைத்தான் ஊரே பாத்துச்சு.”

பெனிட்டா நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். அந்தோணியம்மாளைப் பற்றி, இறங்காத விரலைப் பற்றி, ரேணுவிடம் சொன்னதைப் பற்றி. “உங்கள மறுபடி கூப்புடுவாங்கன்னு எனக்குத் தெரியாது சார். மன்னிச்சிருங்க.”

அவர் தொலைக்காட்சியை அணைத்தார். “என் கை போகலன்னா சொன்ன?”

“ஆமா சார். நீங்கதான் அந்தம்மாவைக் காப்பாத்துனீங்க.”

“கூப்புட்டா கூப்புட்டும். படுத்தா படுத்துட்டுப் போறேன். என் கை போகலன்னு எப்டி சொல்லுவ நீ?”

பெனிட்டா அணைந்த திரையைப் பார்த்தாள்.

“கேட்டுக்க. ஒரு வாட்டி ஸ்கூல் வேன் ஒண்ணு ஏரிக்குள்ள போயிடுச்சு. ஆஸ்பத்திரி வாசல்ல எங்க கேமரா. ஒரு அப்பன் வந்து துணிய வெலக்கிப் பாத்தான். சுதர்சன் ஒண்ணும் சொல்லல, மூச்ச இழுத்தான், அவ்ளோதான். நான் போயிட்டேன் உள்ள. அவன் மூஞ்சிய உடல, அவன் தரையில சாயற வரைக்கும் உடல. அந்த வருசம் எனக்குத்தான் விருது. என் கை நிக்காதும்மா. நிக்காத கைன்னுதான் எடுத்தாங்க.”

“அப்ப இந்தத் தோள்… அவரு குரல் கேட்டாலே இறுகுது சார். உங்களுக்கு அவரக் கண்டா ஆகாதுன்னுல்ல நெனச்சேன்.”

“ஆகாதா? பந்து வர்றதுக்கு முன்னாடி கீப்பர் குனிஞ்சு நிப்பான் பாரு, அந்த மாதிரிதான் அது. அவன் வாயத் தொறக்கறதுக்குள்ள முடிச்சிடணும்னு நிப்பேன்.”

“அப்ப அன்னைக்கு நின்னது யாரு?”

“என்னைக் கேட்டா? உன் வெரலு, உன் எலும்பு. உன் வேலைய நீ செய்யல. பழிய என் தலையில போட்டுட்டு, வந்து மன்னாப்பு வேற கேக்குற.” அவர் எழுந்து கதவைக் காட்டினார். “போய்ச் சொல்லு. தயாளன் கையில பழுது இல்லன்னு சொல்லு. எனக்கு மிச்சம் இருக்கறது அது ஒண்ணுதான்.”

மின்சார ரயிலில் திரும்பும்போது அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. இவ்வளவு நாளும் தோளில் ஒரு நல்ல மனிதரைச் சுமந்துகொண்டிருப்பதாக நினைத்திருந்தாள். அந்த அப்பனின் முகத்தை விடாத ஆள் இவர். இவருக்காக நான் ஏன் என் கையை விட வேண்டும்? திங்கள்கிழமை வேலைக்குப் போனாள், ஒன்றும் சொல்லவில்லை. செவ்வாயும் சொல்லவில்லை. அந்த நாட்களில் அவள் கை முன்னெப்போதையும்விட அழகாக வேலை செய்தது.

வியாழன் காலை தயாளனைக் கூட்டி வந்தார்கள். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, பக்கத்தில் மல்லிகா. ரேணுவின் அறைக்கு வெளியே உட்கார வைத்திருந்தார்கள். எதிர்ச் சுவரில் சேனலின் நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்காமல் இருப்பதற்காக அவர் தலை குனிந்து தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். கடந்து போனவர்களில் அவருடன் வேலை செய்தவர்கள் இருந்தார்கள். யாரும் நிற்கவில்லை. கமலநாதன்கூட மாடிப்படி வழியாகப் போய்விட்டார்.

பெனிட்டா கதவைத் தட்டாமல் உள்ளே போனாள். சுதர்சனும் இருந்தார்.

“அன்னைக்கு நிறுத்துனது நான்தான் மேடம். அவரு கை இல்ல.”

ரேணு பேனாவை வைத்தாள். “யோசிச்சுப் பேசு. உன்னோடதுன்னா மொத்தத்தையும் எடுத்துடுவோம். நீ இங்க கத்துக்கிட்டதும் போயிடும். சான்றிதழ் கிடையாது. எந்தச் சேனலும் எடுக்க மாட்டாங்க.”

“தெரியும்.”

“எனக்கு அன்னைக்கே தெரியும்” என்றார் சுதர்சன். “இத்தனை வருஷம் அவன் பக்கத்துல உக்காந்தவன் நான். அவன் கை நிக்காது.”

அவள் அவர் பக்கம் திரும்பினாள். “தெரிஞ்சேதான் கூப்புட்டீங்களா?”

“நீ நல்லா வேலை பாக்கற. உன்னை வச்சுக்க எனக்கு ஒரு காரணம் வேணும். அவனுக்கு இனிமே அது எதுக்கு?” அதை அவர் அன்பாகவே சொன்னார். அவள் அவரிடமிருந்து கேட்ட முதல் பாராட்டு அது. “இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகல. வெளிய போய் உக்காரு. நாங்க எதையும் கேக்கல.”

அவர் பேசி முடிக்கும்வரை தோள் இறுகித்தான் இருந்தது. அவள் இடது கையால் அதைப் பிடித்துக்கொண்டாள்.

“எடுத்துருங்க” என்றாள்.

ரேணு பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டாள். பிறகு சுதர்சன் ரேணுவிடம், அவள் அங்கே இல்லாதது போலக் கேட்டார். “எடுத்ததை அடுத்த ஆளுக்கு அப்படியே ஏத்தலாம் இல்ல? இவ திமிரும் சேந்து வந்துடாதே?”

“அது குணம் சார். குணம் ஏறாது. வேலைதான் ஏறும்.”

வெளியே தயாளனிடம் போகலாம் என்று சொல்லிவிட்டார்கள். அவர் பெனிட்டாவைப் பார்த்தார். “சொல்லிட்டியா?”

“சொல்லிட்டேன்.”

அவர் நிமிர்ந்தார். அவளைத் தாண்டி, அறை வாசலில் நின்ற சுதர்சனைப் பார்த்து ஒரு சலாம் வைத்தார். சுதர்சனும் தலையசைத்தார். மல்லிகா மட்டும் போகிற போக்கில் பெனிட்டாவின் முழங்கையைத் தொட்டாள். தவறிப் பட்டதாகக்கூட இருக்கலாம்.

எடுப்பதற்கு ஒரு பகல் ஆயிற்று. வலி இல்லை. சாயங்காலம் கேட்டருகே பேருந்துக்கு நிற்கும்போது எதிர்க் கடையின் பெரிய திரையில் இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் இருந்தான். அவன் இல்லை. வேறொருத்தி இருந்தாள். பிறகு ஒரு கை. யாருடைய கை என்று அவளுக்குத் தெரியவில்லை. வேறு பக்கம் திரும்பி நின்றாள்.

விருதுநகரில் மருந்துக் கடை ஒன்றில் வேலை கிடைத்தது. கடைக்காரர் தங்கராஜ் அண்ணாச்சிக்கு அனுபவச் சான்றிதழ் தேவைப்படவில்லை. மருந்துப் பெயர்களை அவள் தானே, ஒவ்வொன்றாக, தப்பும் தவறுமாகக் கற்றாள். கடையில் ஒரு தொலைக்காட்சி இருந்தது. அதற்கு முதுகைக் காட்டி நிற்கும்படியாக மேசையை மாற்றிப் போட்டுக்கொண்டாள்.

ஒருநாள் கமலநாதனின் அழைப்பு வந்தது. நலம் விசாரிக்கவில்லை.

“உன் சனியன் இன்னும் போகலம்மா. புதுசா ஒருத்தனுக்கு ஏத்தினாங்க. சொன்னத செய்யற பையன், உன்னை மாதிரி இல்ல. நேத்து லைவ்ல ஒரு அப்பன்கிட்ட சேதி சொல்ற நேரம் அவன் கை நின்னுடுச்சு. சுதர்சன் காட்டுக் கத்து கத்துறாரு. இவன் அழுவுறான், நான் அழுத்தத்தான் சார் பாத்தேன்னு. எங்க ரெண்டு சிஸ்டர் சேனலுக்கும் அதே சரக்கத்தான் காப்பி எடுத்து ஏத்தியிருக்காங்க. அங்கயும் இதே கதை. ரேணு எடுத்து எடுத்துப் பாக்குது, பிரிக்க வரலியாம்.”

“நான் என்ன செய்யணும் சார்?”

“நீ ஒண்ணும் செய்ய வேணாம். நீ செஞ்சது போதும்.” அவர் போனை வைக்கவில்லை. மூச்சு கேட்டது. பிறகு வைத்துவிட்டார்.

அதற்கடுத்த வாரம், கடையில் கூட்டம் இருந்த ஒரு மாலையில், அண்ணாச்சி சலித்துக்கொள்வது அவள் காதில் விழுந்தது.

“என்னத்தப் படம் புடிக்கானுவளோ. அந்தப் பொம்பள அழுவுது போல இருக்கு, மொகத்தக் காட்ட மாட்டேங்கான். தூரத்துலேயே வச்சிருக்கான். மாத்திர வேண்டியதுதான்.”

பெனிட்டா மாத்திரை அட்டையைக் கையில் வைத்தபடி திரும்பிப் பார்த்தாள். தயங்கித்தான் பார்த்தாள். திரையில் ஒரு கூடம். நாற்காலிகள். ஒரு பெண் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் இன்னொருத்தி அவள் முதுகில் கை வைத்திருந்தாள், கொஞ்சம் தள்ளி ஒரு கிழவர் தண்ணீர்ச் செம்போடு வந்துகொண்டிருந்தார். படம் மாறவில்லை. கிழவர் நடந்து வந்து சேரும் வரைக்கும் மாறவில்லை.

“மாத்தாதீங்க அண்ணாச்சி” என்றாள் அவள்.

“இதுல என்னம்மா தெரியுது?”

அவள் அட்டையை மேசையில் வைத்துவிட்டு முழுதாகத் திரும்பி நின்றாள். கவிழ்ந்திருப்பவள் யார், கை வைத்திருப்பவள் யார், செம்பு யாருக்கு என்பதெல்லாம் அவளுக்குப் புரிந்துகொண்டிருந்தது.